பெஞ்சமின் காது

புதுப்பட்டினத்தில் மைக் செட் நடத்தும் பெஞ்சமினிடம் இருந்த சொத்து ஒரு குட்டி யானை வண்டி, நாலு ஸ்பீக்கர் பெட்டி, ஒரு மிக்ஸர், ரெண்டு காது. முதல் மூன்றும் எவனிடமும் இருக்கும். அந்தக் காதுக்காகத்தான் திருக்கழுக்குன்றம் வரைக்கும் ஆட்கள் அவனைத் தேடி வந்தார்கள். கல்யாண மண்டபத்தின் நடுவில் நின்று ஒரே ஒரு தடவை கை தட்டுவான். தட்டிய சத்தம் சுவரில் பட்டுத் திரும்புவதைக் கேட்டுவிட்டு, "அந்த மூல பாக்ஸ ரெண்டு அடி தள்ளு" என்பான். தள்ளினால் சரியாகிவிடும். சுருதி சேராமல் பாடுகிறவனைக்கூட அந்தப் பக்கத்தில், "எங்க வேணா பாடு, பெஞ்சமின் காதுகிட்ட பாடாத" என்றுதான் கேலி செய்வார்கள். ஒலிபெருக்கிக் குழாய்களுக்குப் பக்கத்திலேயே இருபத்தாறு வருஷம் நின்று சம்பாதித்த பெயர் அது. அந்தப் பெயர் போனால் மிஞ்சுவது ஒரு வண்டியும் நாலு பெட்டியும்தான் என்பது அவனுக்கே தெரியும்.

அப்படிப்பட்டவனுக்கு நாற்பத்தெட்டாம் வயதில் ஒரு ஆசை முளைத்தது. சொந்தக் கையால் ஒரு கிட்டார் ஆம்ப்ளிஃபையர் செய்ய வேண்டும். அதுவும் சாதாரணமானது இல்லை, கண்ணாடிக் குப்பிக்குள் கனன்றுகொண்டே பாடும் வால்வு போட்டது. மச்சான் ஜெபக்குமாருக்காக என்று வெளியில் சொல்லிக்கொண்டான். ஜெபக்குமார் பெஞ்சமினின் மனைவி பிரிசில்லாவுக்குத் தம்பி. வெள்ளியும் ஞாயிறும் சபையில் கிட்டார் வாசிப்பான். மற்ற நாட்களில் மாமல்லபுரத்து ரிசார்ட்டுகளில் மீன் தின்றுகொண்டிருப்பவர்களுக்கு வாசிப்பான். தங்கமான கை. குணமும் தங்கம்தான், ஆனால் யாருக்கும் எதிர்ப்பேச்சுப் பேச வராது. எதிர்ப்பேச்சு வராத ஆளை நம்பி ஒரு காரியத்தில் இறங்கினால் என்ன ஆகும் என்பதைப் பெஞ்சமின் பின்னால்தான் கற்றுக்கொண்டான்.

செங்கல்பட்டில் ட்ரான்ஸ்ஃபார்மர் சுற்றுகிற சதாசிவத்தை மூன்று தடவை அவிழ்த்துச் சுற்ற வைத்தான். வால்வுகள் பார்சலில் வந்தன. பெட்டிக்குப் பிளைவுட்டை அவனே அறுத்தான். வயர்களை ஒவ்வொன்றாக அவனே பற்ற வைத்தான். அந்த வேலைக்கு வீட்டிலேயே அவனைவிடக் கைகாரி ஒருத்தி இருந்தாள். பிரிசில்லா, கூடுவாஞ்சேரிப் பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் எட்டு வருஷம் சால்டரிங் செய்தவள். கம்பி முனையைத் தூண்டில் முள் போல வளைத்து மாட்டிவிட்டுத்தான் ஈயம் வைப்பாள். மிச்சக் கம்பியை நகம் வெட்டுகிற மாதிரி ஒட்ட நறுக்குவாள். மைக் செட்டில் அறுந்துபோகும் வயரெல்லாம் அவள் கைக்குத்தான் வரும். ஆனால் இந்த ஆம்ப்ளிஃபையர் பக்கம் அவளை அண்டவிடவில்லை.

"வயரு, ஜாக்கு எல்லாம் நீ வையி. இது ஒண்ணு மட்டும் என் கை," என்றான்.

"வச்சிக்கோ, யாரு வாணான்னது," என்றாள். அவனை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டாள். ஆனால் 'நீங்க நாங்க' எல்லாம் கல்யாணமான மறுவாரமே போய்விட்டது.

ஆம்ப்ளிஃபையர் பாட ஆரம்பித்த பிறகு, ட்ரெமலோவும் ரிவெர்பும் எந்த சர்க்யூட்டில் செய்வது என்ற கேள்வி வந்தது. ஓடுகிற ஃபேனுக்கு முன்னால் வாயை வைத்து 'ஆ' என்று இழுத்தால் குரல் நடுங்குமே, அதுதான் ட்ரெமலோ. ரிவெர்ப் என்பது காலி மண்டபத்தின் சத்தத்தைத் தகரப் பெட்டிக்குள் அடைக்கிற வேலை. பெட்டிக்குள் இரண்டு ஸ்பிரிங் தொங்கும். ஒரு முனையில் ஒலியை விட்டால் ஸ்பிரிங் வழியாக ஓடி, ஆடி, கொஞ்சம் தாமதமாக மறுமுனைக்கு வந்து சேரும்.

இவை இரண்டும் ஜெபக்குமாருக்கு எதற்கு என்றால், வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு. அன்றைக்குப் பாட்டு முடிந்த பிறகு பாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு தணிந்த குரலில் ஜெபிக்க ஆரம்பிப்பார். அரை மணி நேரம் போகும், சில வாரம் முக்கால் மணி. அவ்வளவு நேரமும் பின்னால் கிட்டார் மட்டும் நடுங்கி நடுங்கி இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பட்டினியோடு உட்கார்ந்திருக்கும் நூற்றிருபது பேர் மூச்சுவிடுவதும்கூட அப்போது கேட்கும். அந்த அரை மணி நேரத்துக்குத் தன் கையால் ஒரு நடுக்கத்தைச் செய்து தர வேண்டும் என்பதுதான் பெஞ்சமினின் ஆசை.

ட்ரெமலோவுக்கு இரண்டு வழி கட்டிப் பார்த்தான். ஒன்று, கடைசி வால்வுகளையே ஏற்றி இறக்கி நடுங்க வைப்பது. இன்னொன்று, விளக்கும் கண்ணும். ஒரு குட்டி நியான் விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும், அதற்கு எதிரில் வெளிச்சம் பட்டால் விழித்துக்கொள்ளும் ஒரு கண். விளக்கு எரிந்தால் ஒலி இறங்கும், அணைந்தால் ஏறும். ரிவெர்பிலும் இரண்டு வழி. ஸ்பிரிங்கிலிருந்து திரும்பி வரும் ஒலியின் கூர்மையை மழுக்க ஒரு கெப்பாசிட்டர் போடலாம், போடாமல் அப்படியே விடலாம்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பரீட்சை நடந்தது. பெஞ்சமின் சுவரைப் பார்த்து உட்காருவான். ஜெபக்குமார் அதே நாலு கார்டை, அதாவது சுரக் கூட்டை, வாசிப்பான். பிரிசில்லா எதுவும் சொல்லாமல் சுவிட்சை இப்படியும் அப்படியும் தட்டுவாள். எது எது என்று தெரியாமலே அவன் காது சொல்ல வேண்டும். ஒவ்வொரு தடவையும் காது ஒரே பதிலைத்தான் சொன்னது.

"இது போர்வையப் போத்திகினு பாடறாப்ல கீது. தோ, இது! இதான் தெளிவு," என்றான். விளக்கும் கண்ணும் ஜெயித்தது. கெப்பாசிட்டர் போடாத ஸ்பிரிங் ஜெயித்தது.

"கொஞ்சம் ஷார்ப்பா இல்ல, மாமா?" என்று ஜெபக்குமார் கிட்டாரைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"ரிசார்ட்ல வாசிச்சு வாசிச்சு உன் காது கெட்டுப்போச்சு, மச்சான்," என்று சிரித்தான் பெஞ்சமின். பிறகு மனைவி பக்கம் திரும்பினான். "உனுக்கு எது புட்ச்சிருக்கு?"

"நீ சொல்றதுதான்," என்று தலையை ஆட்டினாள் பிரிசில்லா.

ஆம்ப்ளிஃபையர் சபைக்குப் போனது. முதல் இரண்டு வெள்ளிக்கிழமையும் ஜெபத்தின் நடுவில் ஒரு பல்லி விடாமல் கத்தியதாக ஒரு பேச்சு எழுந்தது. சபையைப் பெருக்கும் கன்னியம்மா துடைப்பத்தோடு மேடைக்குப் பின்னால் ஏறி இறங்கித் தேடினாள். பெஞ்சமின் கடைசி வரிசையில் மிக்ஸருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பல்லி கேட்கவில்லை. பக்தியில் லயித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு, கன்னியம்மாவின் பல்லி வேட்டையை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான். மூன்றாவது வெள்ளிக்கிழமை பல்லி நின்றுவிட்டது. துடைப்பத்துக்குப் பயந்து ஓடிவிட்டது என்றான்.

அன்றைக்குத்தான் பாராட்டு கொட்டியது. பாஸ்டர் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஆள் ஆளுக்கு வந்து சொன்னார்கள். வீட்டுக்கு வரும் வழியில் பிரிசில்லா, "இன்னிக்கு உன் ட்ரெமலோ கேட்டு எனக்கு அழுகையே வந்துட்ச்சு," என்றாள். கண் நிஜமாகவே சிவந்திருந்தது. பெஞ்சமின் அன்று இரட்டைச் சோறு சாப்பிட்டான். அதற்கப்புறம் ஏழு மாசமாக, ஆராதனை முடிந்து வெளியே வருகிற பையன்களை நிறுத்தி வைத்துப் பாடம் எடுத்தான். "பாத்தியா? டிஜிட்டல் டப்பா வாங்கிகினு வருவீங்களே, அதுல இந்த உசுரு வருமா? வராது. ஸ்பிரிங்குன்னா ஸ்பிரிங்குதான்." பையன்கள் தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். ஆம்ப்ளிஃபையரைத் துடைக்கலாம், திறந்து பார்க்கலாம் என்று அவன் கேட்கும்போதெல்லாம் ஜெபக்குமார், "நல்லா ஓடிகினு கீது மாமா, நீ இன்னாத்துக்கு பேஜாரு படற," என்று தட்டிக் கழித்தான்.

ஏழாம் மாசம் மாமல்லபுரத்தில் கடலோர ரிசார்ட் ஒன்றில் கல்யாண வரவேற்பு. மைக் செட் பெஞ்சமினுடையது, வாசிப்பு ஜெபக்குமாருடையது. மத்தியானம் மூன்று மணிக்கே சாமான் இறக்கியாயிற்று. ஜெபக்குமார் மேடையில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான். பூ அலங்காரக்காரர்களுக்கு வழிவிட நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு பின்னுக்கு நகர்ந்த பெஞ்சமின், நாற்காலிக் காலால் ஆம்ப்ளிஃபையர் மேலேயே ஓங்கி இடித்துவிட்டான்.

ஸ்பிரிங் வைத்த ஆம்ப்ளிஃபையரை இடித்தால் சும்மா இருக்காது. உள்ளே ஸ்பிரிங் குலுங்கி, ஸ்பீக்கரில் இடி விழுந்தாற்போல் 'திடும்' என்று அதிரும். அது அதன் பிறவிக் குணம். செய்துகொண்டிருந்த நாட்களில் வேண்டுமென்றே பெட்டியைத் தட்டி அக்கம்பக்கத்துக் கோழிகளைப் பறக்கவிட்டிருக்கிறான் பெஞ்சமின். இப்போது இடியும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆனால் ஜெபக்குமார் மீட்டிய கார்டு மட்டும் காலி மண்டபத்தில் கேட்பது போல நீண்டு, நடுங்கி, அடங்கியது.

"நிறுத்து," என்றான் பெஞ்சமின். பெட்டியைக் கையால் ஒரு அறை அறைந்தான். இடி வரவில்லை. "ஸ்பிரிங்கு அறுந்துகீது போல. ஆனா எதிரொலி எங்கிருந்து வருது?"

"நீ தொடாத மாமா, நான் பாத்துக்கறேன்!" ஜெபக்குமார் கிட்டாரோடு எழுந்து ஓடி வந்தான். எதிர்ப்பேச்சுத் தெரியாதவன் முதல்முறையாகப் பேசிய எதிர்ப்பேச்சு. அதிலேயே பாதி விஷயம் பெஞ்சமினுக்குப் புரிந்துவிட்டது. பிளக்கைப் பிடுங்கினான். பையிலிருந்து திருப்புளியை எடுத்துப் பின்பலகையைக் கழற்றினான்.

ஸ்பிரிங் பெட்டி அவன் திருகிய இடத்தில்தான் இருந்தது. அதற்குப் போகும் இரண்டு வயரும் கழற்றப்பட்டு, முனையில் டேப் சுற்றப்பட்டு, அடிபட்ட விரல் மாதிரித் தொங்கின. விளக்கும் கண்ணும் இருந்த இடத்தில் விளக்கும் இல்லை, கண்ணும் இல்லை. பெட்டியின் அடியில், ஆடாமல் இருக்கப் பஞ்சு வைத்துக் கட்டி, உள்ளங்கை அகலத்தில், நடுக்கத்தையும் எதிரொலியையும் தானே செய்து தரும் ஒரு டிஜிட்டல் டப்பா. கிட்டார் வயர் உள்ளே நுழைந்ததும் நேராக அதற்குள்தான் போனது. முகப்பில் ரிவெர்ப் என்றும் ட்ரெமலோ என்றும் அவன் கையால் எழுதி ஒட்டிய குமிழ்கள் எதனோடும் சேரவில்லை. ஏழு மாசமாக ஜெபக்குமார் வெறும் குமிழைத் திருகித் திருகி நடித்திருக்கிறான்.

அவ்வளவையும் அவன் தாங்கியிருப்பான். ஆனால் டப்பாவுக்குப் போகும் வயரின் முனையைக் குனிந்து பார்த்தான். கம்பி தூண்டில் முள் போல வளைந்து மாட்டப்பட்டிருந்தது. ஈயம் ஒரு சொட்டுக்கூட அதிகமில்லாமல் உருண்டு நின்றது. மிச்சக் கம்பி நகம் வெட்டுகிற மாதிரி ஒட்ட நறுக்கப்பட்டிருந்தது. உலகத்தில் யார் கையெழுத்தையும் அவன் மறந்துபோகலாம், இந்தக் கையை மறக்க முடியாது. வேலியே பயிரை மேய்ந்திருந்தது. மேய்ந்த இடத்தையும் எவ்வளவு சுத்தமாக வைத்திருந்தது!

"உங்கக்கா," என்றான்.

"அக்காவையே கேளு மாமா."

"உன்ன கேக்கறேன்."

ஜெபக்குமார் மணலைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அது பல்லி இல்ல மாமா. உன் விளக்கு. மினுக்கற ஒவ்வொரு தபாவும் டிக்கு டிக்குன்னு அடிச்சிகினே இருந்துச்சு. ஜெபத்துல உக்காரவே முடியல. ரிவெர்ப் வேற தகரத்துல ஆணிய வச்சு கீறினாப்ல... பாஸ்டரம்மாவுக்கு ரெண்டு வாரமும் தலவலி. இனிமே இத எடுத்துனு வராதன்னு பாஸ்டர் சொல்லிட்டாரு. அப்பாலதான் அக்கா..."

"டிக்கு அடிச்சுதா?"

"ஆமா மாமா."

"எனக்கு ஏன்டா கேக்கல?"

கேட்ட கேள்வி திரும்பி வந்து தன் மேலேயே விழுந்ததைப் பெஞ்சமின் அப்போதுதான் உணர்ந்தான். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, தான் விழுமாம் கழுநீர்ப் பானையில் துள்ளி.

பின்பலகையை மறுபடி மாட்டினான். நேராக மிக்ஸரிடம் போனான். அங்கே ஏசுதாஸ் கேபிள் சுருட்டிக்கொண்டிருந்தான். பதினோரு வருஷமாகக் கூட இருப்பவன், வண்டி ஓட்டுகிறவன், பெஞ்சமினுக்குத் தம்பி மாதிரி என்று ஊர் சொல்லும். பெஞ்சமின் ஒரு பாட்டைப் போட்டுக் கேட்டான். கீச்சென்ற மேல் ஒலியை ஏற்றி இறக்கும் ட்ரெபிள் குமிழ்களைத் தனக்கு எது சரியோ அங்கே நிறுத்தினான். பாக்கெட்டிலிருந்த பேனாவால் ஒவ்வொரு குமிழின் பக்கத்திலும் முனை நிற்கும் இடத்தில் ஒரு புள்ளி வைத்தான். "டீ குட்ச்சிட்டு வரேன்," என்று சொல்லிவிட்டுச் சமையல் கூடாரத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாகத் திரும்பி வந்தான்.

ஏசுதாஸ் கேபிளை வைத்துவிட்டு எழுந்தான். இரண்டு பக்கமும் பார்த்தான். ஒரு குமிழைக்கூட விடாமல் வரிசையாக ட்ரெபிளை இறக்கினான். யோசிக்கவே இல்லை. வீட்டுக்குப் போனதும் செருப்பைக் கழற்றுகிறவன் மாதிரி, பழகிப்போன கை.

"எத்தினி நாளா ஏசு?"

ஏசுதாஸ் துள்ளித் திரும்பினான். "அண்ணாத்த... கை பட்டுட்ச்சு."

"எட்டு குமிழுலயும் கை பட்டுச்சா? எத்தினி நாளான்னு கேட்டேன்."

"மூணு வருசம் இருக்கும் அண்ணாத்த," என்றான் ஏசுதாஸ். "திருக்கழுக்குன்றத்துல ஒரு கல்யாணத்துல ஜனங்க காதப் பொத்திகினு எந்திரிச்சுப் போனாங்க. நீ சாப்புடப் போயிருந்த. அன்னிக்கு நான் கொறச்சு வச்சேன். அப்பால அண்ணிதான், நீ சொல்லாத, பாத்துக்கோன்னு..."

மூன்று வருஷம். இந்த மூன்று வருஷத்தில்தான் ஒரு சபை அவனுக்குப் பொன்னாடை போர்த்தியது. கூட்டம் நடத்தியவர்களெல்லாம் "பெஞ்சமின் சவுண்டு தனி" என்று சொன்ன மூன்று வருஷம். அவ்வளவு பெயரும் அவன் டீ குடிக்கப் போன நேரத்தில் ஏசுதாஸ் சம்பாதித்தது. அடித்தால்கூட ஆறியிருக்கும், அடிக்கக் கை எழவில்லை.

"நீயே பாத்துக்கோ," என்றான். "நீதான பாத்துகினு கீற."

இருபத்தாறு வருஷத்தில் முதல்முறையாக, ஏற்றுக்கொண்ட வேலையைப் பாதியில் விட்டுவிட்டு ஈ.சி.ஆர் ரோட்டுக்கு நடந்து வந்து பஸ் ஏறினான்.

ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. புதுப்பட்டினத்தில் ஒரு வீட்டில் கருவாடு வறுத்தால் மறு தெருவில் குழம்பு என்னவென்று பேசுவார்கள். எவன் எவளோடு பஸ் ஏறினான் என்பது அன்று மாலையே ஜெபக் குறிப்பாக வந்துவிடும். அப்படிப்பட்ட சபையில் நூற்றிருபது பேரும் ஏழு மாசமாக வாயைத் திறக்கவில்லை. கைகுலுக்கிய பாஸ்டருக்குத் தெரியும். பாடம் கேட்டுத் தலையாட்டிய பையன்களுக்குத் தெரியும், எதிரில் நின்று ஸ்பிரிங்கின் உயிரைப் பற்றி இவன் பேசியபோது அவர்கள் எப்படிச் சிரிப்பை அடக்கினார்களோ! கன்னியம்மாவுக்குக்கூடத் தெரிந்திருக்கும். அவமானத்தில் அவனுக்கு முகமெல்லாம் எரிந்தது. நம்ப வைத்துக் கழுத்தை அறுத்தவர்கள் ஒருவர்கூட அவனுக்கு விரோதியில்லை என்பதால் யாரைத் திட்டுவது என்றும் தெரியவில்லை. கண்டக்டர் இரண்டு தடவை கேட்டும் இவன் பதில் சொல்லாததால் தோளைத் தட்டினார். அது யோசனையில் கேட்காததா, நிஜமாகவே கேட்காததா என்று பெஞ்சமினுக்குச் சந்தேகமாகிவிட்டது. அந்தச் சந்தேகம் இனி எல்லாவற்றிலும் வரும் என்பதும் அங்கேயே தெரிந்துவிட்டது.

வீட்டுக்குப் போனபோது வெயில் இன்னும் இறங்கவில்லை. ஜெபக்குமார் போனில் சொல்லியிருப்பான். பிரிசில்லா வேலை எதையும் கையில் வைத்துக்கொள்ளாமல் முன்னறையில் உட்கார்ந்திருந்தாள்.

"உன் கை," என்றான் பெஞ்சமின். "அதுக்குள்ள உன் கைய வச்சிகீற."

"வச்சேன்."

"என்கிட்ட சொல்லிட்டு வச்சிருக்கலாமில்ல?"

"இன்னான்னு சொல்ல? உனுக்கு காது போச்சுன்னா? சொன்னேனே ஒரு தபா. டிவிய ஏன் இவ்ளோ சத்தமா வைக்கற, ஒரு டாக்டரப் பாக்கலாமான்னு கேட்டேன். நாலு நாளு என் மூஞ்சியப் பாத்து நீ பேசல. நாஸ்தாவ கூட தொடல. நெனப்பு கீதா?"

நினைவு இருந்தது. தன் காதைக் காட்ட டாக்டரிடம் போகச் சொன்னதை, கட்டின தாலியைக் கழற்றச் சொன்னதைப் போல அன்று எடுத்துக்கொண்டிருந்தான். ஆனாலும் இன்றைய கோபம் இன்றைக்கானது.

"சரி, அத வுடு. ட்ரெமலோ கேட்டு அழுகை வந்துச்சுன்னு சொன்னியே. வழியில. அதுவும் பொய்யா?"

பிரிசில்லா நிமிர்ந்து பார்த்தாள். "அழுகை வந்தது நெசம். உன் ட்ரெமலோக்கு இல்ல. நீ கடேசி பெஞ்சுல கண்ண மூடிகினு, உன்னுதுன்னு நெனச்சு கேட்டுகினு இருந்த. அதப் பாத்து."

அவன் அறைக்குள் இரண்டு தடவை நடந்தான். "ஊரே ஏமாத்தட்டும். ஏசு ஏமாத்தட்டும். சுவத்தப் பாத்து உக்காந்து உன்ன நம்பித்தான் சுவிட்ச உன் கையில குடுத்தேன். எது புடிக்குதுன்னு கேட்டேன். தலைய ஆட்டின. அன்னிக்கே அடிச்சு சொல்லியிருந்தா நான் அந்த விளக்க போட்டிருப்பனா? பதிமூணு மாசம் ஆச்சு பிரிசில்லா, அத செய்ய. என் கையால செஞ்சதுன்னு இந்த ஒண்ணுதான் கீது."

"அதனாலதான் சொல்லல," என்றாள். கண்ணீர் வந்தது, துடைக்கவில்லை. "தப்புதான். எங்கிட்ட இன்னா வேணா சொல்லு."

"இனிமே பொய் சொல்லாத. அது போதும்."

"சொல்ல மாட்டேன். கேட்டா கேக்குதுன்னு சொல்றேன், கேக்கலன்னா கேக்கலன்னு சொல்றேன். போதுமா?"

"வா," என்றான்.

பின்னறையில் அவனுடைய வேலை மேசை. அதில் ஆம்ப்ளிஃபையர்களைச் சோதிக்கிற ஆசிலேட்டர் ஒன்று இருந்தது. முள்ளைத் திருப்பத் திருப்ப அடித்தொண்டை ஒலியிலிருந்து விசில் வரைக்கும் ஏறிக்கொண்டே போகும். அதை ஒரு சின்ன ஸ்பீக்கரில் மாட்டினான். பிரிசில்லாவை எதிரில் ஸ்டூலில் உட்கார வைத்தான். "கேக்கற வரைக்கும் விரலத் தூக்கிகினே இரு. நின்னதும் எறக்கு. நான் எங்க நிக்கறேன், நீ எங்க நிக்கறன்னு எனக்குத் தெரியணும்."

முள் ஐந்நூறு ஹெர்ட்ஸைக் காட்டியபோது அவள் விரல் தூக்கியபடி இருந்தது. ஆயிரத்திலும் இறங்கவில்லை. இரண்டாயிரத்தில் ஒலி அவன் காதுக்குள் மெலிய ஆரம்பித்தது. இரண்டாயிரத்து எண்ணூறு. அப்புறம் அது போய்விட்டது. விளக்கை அணைத்தாற்போல் சட்டென்று போகவில்லை, தெருக்கோடியில் நடந்துபோகிறவனைப் போல எந்த இடத்தில் மறைந்தது என்றே சொல்ல முடியாமல் போனது. மூவாயிரம் என்றது முள். ஸ்பீக்கருக்கு முன்னால் காதைக் கொண்டுபோனான். ஒன்றுமில்லை.

நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவள் இவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் மெதுவாக இறங்கியது.

"நின்னுடுச்சா?"

"ம். நின்னுடுச்சு."

பெஞ்சமின் முள்ளை நாலாயிரத்துக்குத் திருப்பினான். ஐயாயிரத்துக்குக் கொண்டுபோனான். பிரிசில்லா ஸ்டூலில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஆறாயிரத்தில் நிறுத்திவிட்டு, அவளைப் பார்த்துக்கொண்டே, சத்தத்தைக் கடைசி வரைக்கும் ஏற்றினான். அவனுக்கு அறை நிசப்தமாக இருந்தது.

அவளுடைய இரண்டு கைகளும் மடியிலிருந்து துள்ளி எழுந்தன. காதுக்கு அரை விரல் தூரம் வரை போய்விட்டன. அங்கேயே நின்று, திரும்பி, கலையாமலிருந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கின.

"இப்போ?" என்று கேட்டான் பெஞ்சமின்.

"கேக்கல," என்றாள்.